சத்தம் வராத குழல்

"பிறந்த நாளைக்கு உனக்கு என்னம்மா வேணும்?" என்று சங்கவி கேட்டபோது கல்பனா பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல், "ஒரு புல்லாங்குழல் வாங்கித் தா" என்றாள்.

சங்கவி சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"சீரியஸா சொல்றியா?"

"ஆமா."

முன்பக்கம் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த அருணாசலம் அங்கிருந்தே கேட்டார். "யாருக்குப் புல்லாங்குழலு?"

"எனக்குத்தான்."

"என்னத்துக்குளா?"

"ஊதத்தான். வேற என்னத்துக்குக் கேப்பாவ?"

அருணாசலம் தென்காசிப் பக்கத்துக்காரர். கல்யாணமான கையோடு கல்பனாவைக் கூட்டிக்கொண்டு கல்கத்தா வந்து, டாலிகஞ்சில் சினிமா ஸ்டூடியோக்களை ஒட்டிய சந்தில் டிபன் கடை போட்டவர். கீழே கடை, மேலே வீடு. ஸ்டூடியோவில் லைட் தூக்குகிறவர்கள், தையல்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லாம் காலையில் அங்கேதான் நின்று சாப்பிடுவார்கள். அருணாசலம் தெருவைப் பார்த்து நின்று தோசை சுடுவார். கல்பனா உள்ளே சுவரைப் பார்த்து நின்று இட்லி அவிப்பாள், சாம்பார் கூட்டுவாள், வடை தட்டுவாள். வங்காளிகள் அவரை 'தாதா', அதாவது அண்ணன் என்றும், அவளை 'பௌதி', அண்ணி என்றும் கூப்பிட்டார்கள். சாம்பாரை இரண்டாம் முறை கேட்கிறபோது "பௌதி சாம்பார்" என்றுதான் கேட்பார்கள். ஆளைப் பார்த்தவர்கள் குறைவு. உள்ளிருந்து நீண்டு வரும் கையைத்தான் எல்லோருக்கும் தெரியும்.

அவள் பார்த்து நின்ற சுவருக்கு அப்பால் பாட்டுப் பதிவு செய்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. சுவர் தடிமன்தான் என்றாலும் மேலே ஒரு காற்றுப் போக்கி இருந்தது. அதன் வழியாகத்தான் அந்த ஆசை வந்தது என்று அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது அவளே சொன்னாள்.

"ஒரு ஆளு குழலு வாசிச்சாரு. ஒரே எடத்தத் திரும்பத் திரும்ப. தப்பாப் போவும், நிறுத்துவாரு, மறுபடி ஊதுவாரு. நான் மாவு அரைச்சு வழிச்சு முடிக்கிற மட்டும் அதேதான். ஒருத்தரும் ஏசல. கடைசியில சரியா வந்துட்டு. இங்க ஒருநா மாவு புளிச்சா நீங்க என்ன பேச்சு பேசுவீய?"

"யாவாரமும் அதும் ஒண்ணா?" என்றார் அருணாசலம், ரசத்தைக் குடித்துக்கொண்டே.

"ஒண்ணுன்னு சொல்லல. ஆசையா இருந்துச்சுன்னு சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் மெட்ரோ ஏறி லால்பஜார் பக்கம் போனார்கள். ஆனி மாத மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆர்மோனியமும் தபலாவும் கிதாரும் தொங்குகிற கடைகளுக்கு நடுவில் ஒரு கடை குழல் மட்டுமே விற்றது. அதை நடத்தியவள் மீரா. சங்கவியைவிடப் பத்து வயது கூடியிருக்கலாம். கதர் குர்தா, கழுத்தில் கண்ணாடி, காதில் ஒரு பென்சில். அவள் பேசியது வங்காளம். தாய்க்கும் மகளுக்கும் அது தமிழ் மாதிரியே பழகியிருந்தது.

சங்கவி போனதும் போகாததுமாகச் சிவப்புப் பட்டு நூல் சுற்றிய நீளக் குழல் ஒன்றைக் கையில் எடுத்தாள். "இது கி சுந்தர் இல்லம்மா?"

"அழகுதான்" என்றாள் மீரா. "ஆனா புதுசாப் பழகுறவங்களுக்கு வேண்டாம். கச்சேரியில வாசிக்கிறது அது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல விரல் எட்டாது. ஊதவும் மூச்சு நிறைய வேணும். யாருக்கு, உங்களுக்கா?"

"எங்க அம்மாவுக்கு."

மீரா கல்பனாவைப் பார்த்தாள். "கையக் காட்டுங்க தீதி" என்றாள், அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி.

கல்பனா கையை நீட்டினாள். மாவும் புளியும் தின்ற விரல்கள், நுனி தடித்து, குட்டையாக. மறைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மீரா அவற்றை மேசைமேல் விரித்து வைத்து அளப்பதுபோல் பார்த்தாள்.

"நல்ல கை. சதை இருக்குற விரல் ஓட்டைய நல்லா மூடும். ஒல்லி விரலுக்குத்தான் காத்து கசியும்."

பிறகு நடுத்தர நீளத்தில் சில குழல்களை எடுத்து வைத்தாள். ஒன்றைத் தூக்கி, தொலைநோக்கி மாதிரி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னாள். வளைவு இருந்தால் தெரியும். நகத்தால் ஓட்டையின் விளிம்பைத் தடவச் சொன்னாள். பிசிர் இருந்தால் காற்று உரசும். வெடிப்பு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொன்னாள். "திருவிழாவுல வர்ணம் அடிச்சு விக்கிறத மட்டும் வாங்காதீங்க. அதுல சத்தம் வரும், சுருதி வராது. நீங்க தப்பா ஊதுறீங்களா, குழல் தப்பான்னு வாழ்நாள் பூரா தெரியாது."

"எங்க ஊர்ப் பக்கம் எட்டு ஓட்டைன்னு சொல்லுவாவ" என்றாள் கல்பனா.

"ஆமா, உங்க பக்கத்துக் குழல் வேற. குட்டை, கனம் கூட. இங்க ஆறு ஓட்டை. எதுல பழகுனாலும் முதல் வேலை ஒண்ணுதான், உதடு. ஓட்டைய எல்லாம் மூட வேண்டாம். சும்மா ஊதிப் பாருங்க. குழலுக்கு உள்ள ஊதாதீங்க, விளிம்புக்கு மேல. எல்லாருக்கும் முதல் நாள் வெறும் காத்துதான் வரும். ஒரு வாரம் ஆனாலும் கவலப்படாதீங்க."

அவள் குனிந்து, முகத்துக்கு நேர் முகமாகக் கல்பனாவின் வாயைப் பார்த்தாள். "உதட்ட இறுக்காதீங்க. சூடா எதையாவது ருசி பாக்கும்போது எப்படி ஊதுவீங்க?"

கல்பனாவுக்கு அது புரிந்தது. சாம்பாரைக் கரண்டியில் எடுத்து உப்புப் பார்க்கிறபோது ஊதுவதுபோல் மெல்ல ஊதினாள்.

சத்தம் வந்தது. கனமான, வட்டமான ஒரே சத்தம். கடையில் இருந்த மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். கல்பனாவே பயந்துபோய்க் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இதுக்கு முன்னால ஊதியிருக்கீங்களா?" என்றாள் மீரா.

"இல்ல."

"எனக்கு இதுக்குப் பத்து நாள் ஆச்சு" என்று சொல்லி மீரா அவள் தோளைத் தட்டினாள்.

அன்றிலிருந்து மத்தியான வியாபாரம் ஓய்ந்ததும் கல்பனா மாடிப்படி திரும்புகிற இடத்தில் போய் உட்காருவாள். அங்கே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. மூன்று விரல் மூடி ஊதினாள், நான்கு விரல் மூடி ஊதினாள். கடைசி விரல் மூடும்போது சத்தம் கீச்சிட்டது. திரும்ப ஊதினாள். கீழே தூங்க முயன்ற அருணாசலம், "பஸ் ஆரன் கூட இதவிடத் தேவல" என்று முணுமுணுத்தார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை சாம்பாரில் உப்புக் கூடிப்போனது.

லைட் தூக்குகிற ஆள் ஒருவர்தான் முதலில் சொன்னார். "தாதா, இன்னைக்குக் கடல் தண்ணியா?" அருணாசலம் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். முகம் சுளித்துக்கொண்டு திரும்பாமலே உள்ளே கத்தினார்.

"ஏ கல்பனா, உப்ப அள்ளிப் போட்டியா? நாக்கு செத்துப்போச்சா உனக்கு?"

உள்ளிருந்து கை மட்டும் நீண்டு சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து வாளி திரும்பி வந்தது. சட்னியும் அன்றைக்குச் சரியில்லை. அருணாசலம் தட்டுகளைச் சத்தமாக அடுக்கினார். "மெதுவா வைங்க" என்று அவள் சொன்ன குரல் எதையோ மென்றுகொண்டு பேசுவது போலிருந்தது. வெற்றிலை போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அவளுக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் மாடிப்படியில் குழல் ஒலிக்கவில்லை. வெறும் காற்று வந்தது. உஸ், உஸ் என்று.

மறுநாள் வியாழக்கிழமையும் உப்புக் கூடுதல்தான். கூட்டம் ஓய்ந்ததும் கல்பனா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "குழலுல சத்தம் வரல. கடையில போயிக் காட்டணும்."

"என்ன, ஒரு வாரத்துலயே போயிட்டா?"

"தெரியல. வரமாட்டேங்கு."

அருணாசலத்துக்கு உப்புக் கோபம் எல்லாம் அந்தக் குழல்மேல் திரும்பியது. ஏமாற்றப்படுவது அவருக்குப் பிடிக்காது. அழுகின ஒரு தக்காளிக்காக மார்க்கெட்டுக்குத் திரும்பி நடக்கிறவர். "மழைக்கு மூங்கில் ஊறி வெடிச்சிருக்கும். பச்ச மூங்கில வித்திருக்கா. வா, நானும் வாரேன். நீ போனா பேசத் தெரியாது."

மெட்ரோவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். அவர் எதிர் ஜன்னலில் ஓடுகிற இருட்டைப் பார்த்தபடி மாவரைக்கிற கிரைண்டரின் பெல்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அவள் தலைப்பை வாய்மேல் போட்டுக்கொண்டு கேட்டாள். இடது கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொண்டாள்.

கடையில் மீரா ஒரு கல்லூரிப் பையனுக்கு ஏதோ கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அருணாசலம் குழலை மேசைமேல் வைத்தார்.

"இது ஓட்டக் குழலு. சத்தமே வரல. வேற குடுங்க."

"வராதா? அன்னைக்கு நல்லா வந்துச்சே" என்று சொல்லி மீரா அதை எடுத்தாள். வெளிச்சத்தில் பார்த்தாள், திருப்பித் தடவினாள். துணியால் துடைத்து வாயில் வைத்தாள். தெருவில் போன ரிக்‌ஷாக்காரர் ஒருவர் நின்று திரும்பிப் பார்க்கிற மாதிரி வாசித்தாள். எந்தக் குறையும் இல்லை.

"குழல் நல்லாத்தான் இருக்கு, தாதா."

"நீங்க ஊதுனா வரும். ஒங்களுக்குத் தெரியும். எங்க வீட்டுல அவ ஊதுறா, காத்துதான் வருது. அன்னைக்கு வந்தது இன்னைக்கு ஏன் வரல?"

"தீதி, நீங்க ஊதுங்க. பாக்குறேன்" என்றாள் மீரா.

கல்பனா தலைப்பை எடுத்துவிட்டுக் குழலை வாங்கினாள். ஊதினாள். காற்று வாயின் இடது ஓரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. எச்சில் ஒரு நூலாக இறங்கியது.

மீரா அன்றைக்குப் போலவே குனிந்து அவள் வாயைப் பார்த்தாள். சட்டென்று குழலைப் பிடுங்கி மேசைமேல் போட்டுவிட்டு அவள் கன்னம் இரண்டையும் பிடித்தாள்.

"தீதி, சிரிங்க."

"இந்தாம்மா, யாவாரத்தப் பேசு" என்றார் அருணாசலம். பேச்சை மாற்றுகிறாள் என்றுதான் நினைத்தார்.

"நீங்க சும்மா இருங்க. தீதி, பல்லக் காட்டிச் சிரிங்க. கண்ண இறுக்கி மூடுங்க. ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

கல்பனா கைகளைத் தூக்கினாள். இரண்டும் சமமாக நின்றன. கண்களை மூடினாள். ஒன்று மூடியது.

"தாதா, இவங்க முகத்தப் பாருங்க."

அருணாசலம் திரும்பினார்.

முகத்தின் வலது பாதி கல்பனாவாக இருந்தது. இடது பாதியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. யாரோ ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டதுபோல் வழுவழுவென்று தொங்கிக் கிடந்தது. மூடாத அந்தக் கண் வெள்ளையைக் காட்டிக்கொண்டு அவரையே பார்த்தது. வாய் வலது காதை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன பாஷையில் சொல்வது என்று தெரியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப ஆச்சு இது?" என்றாள் மீரா.

அருணாசலம் மேசைமேல் கிடந்த குழலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மீரா கடையை அந்தக் கல்லூரிப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, தெருத் தண்ணீரில் இறங்கி ஓடி ஒரு டாக்சியைப் பிடித்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஈரத் தரையும் பினாயில் வாசமும் கூட்டமும். மீராதான் முன்னால் போய்க் கத்தி இடம் பிடித்தாள். அருணாசலம் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். பிடியை விட்டால் அவள் சரிந்துவிடுவாள் என்று தோன்றியது.

இளம் டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். "எவ்வளவு நேரமா இப்படி?"

"இப்பத்தான்" என்றார் அருணாசலம். "இப்ப, கடையில."

டாக்டர் கல்பனாவைப் பார்த்தார். அவள் கோணிய வாயால் மெதுவாக வங்காளத்தில் சொன்னாள். "நேத்துக் காலையில இருந்து. அதுக்கு முந்தின சாயங்காலமே நாக்குல ஒரு பக்கம் ருசி போயிட்டு. இந்தக் காதுல தட்டு வைக்கிற சத்தம் இடி மாதிரி விழுது."

அருணாசலம் அவளையே பார்த்தார்.

டாக்டர் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். இடது நெற்றி அசையவில்லை. காலைத் தட்டினார், விரலைப் பிடித்து இழுக்கச் சொன்னார், நடக்கவைத்தார். ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் அவர் முகம் கொஞ்சம் இளகியது. "மூளையில இல்ல. முகத்துக்கு வர்ற நரம்பு வீங்கியிருக்கு. நெத்தியும் சேந்து போயிருக்கிறதால சொல்றேன். மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கணும். நல்ல நேரத்துல வந்தீங்க, இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா மாத்திரைக்கு அவ்வளவு வேலை இருக்காது. பெரும்பாலும் சரியாயிடும். சிலருக்குக் கொஞ்சம் நிக்கும். தூங்கும்போது அந்தக் கண்ண ஒட்டி மூடணும், இல்லேன்னா புண்ணாயிடும்."

மருந்து வாங்க மீரா போனாள். வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். வெளியே மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

அருணாசலம் கேட்டார். "ஏன்ளா சொல்லல?"

"நீங்க கேக்கல."

"மூஞ்சி கோணிப் போயிருக்கு. அதக் கேக்கணுமா? வந்து சொல்ல மாட்டியா?"

"நேத்துக் காலையில பாத்திரம் கழுவுற எடத்துல தட்டுல பாத்தேன். எனக்கே யாரோன்னு இருந்துச்சு. அப்பவே சொல்லத்தான் வந்தேன். சாம்பார் வாளியக் கொண்டாந்து ஒங்க பக்கத்துல வச்சேன். நீங்க திரும்பாமலே உப்புன்னு ஏசுனீய. சரி, இப்ப பாப்பீய, இப்ப பாப்பீயன்னு நின்னேன்."

"வேல நேரம், கூட்டம்…"

"மத்தியானம் சோறு போட்டேன். நேரா உக்காந்துதான் சாப்பிட்டீய. எனக்குத் தண்ணி குடிக்கையில பாதி வெளிய ஊத்துது. நீங்க டிவியப் பாத்துட்டு இருந்தீய. சாயந்தரம் சங்கவி வந்தா. போனப் பாத்துக்கிட்டே, 'அம்மா, வாய்ல என்னத்த வச்சுட்டுப் பேசுற'ன்னா. நிமிரல."

அருணாசலம் துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார்.

"பொறவு எனக்கே ஒரு பிடிவாதம் வந்துட்டு. யாரு மொதல்ல பாக்காவன்னு பாப்போம்னு."

"பக்கவாதமா இருந்திருந்தா? செத்துப்போயிருந்தா?"

"அந்தப் பயமும் இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா அதத்தான் சொல்லுவாவன்னு பயந்தேன். பயமும்தான், பிடிவாதமும்தான். ரெண்டும் சேந்து வாயக் கட்டிப்போட்டுட்டு."

"அப்ப குழலு கெட்டுப்போச்சுன்னு ஏன் சொன்ன?"

கல்பனா மூடாத கண்ணைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள்.

"குழலுல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ள வாயப் பாத்துத்தான் சொல்லிக் குடுக்கும். அங்க போனா அது பாக்கும்."

அருணாசலம் எழுந்து வராந்தாவின் ஓரத்துக்குப் போனார். சாரல் சட்டையில் விழுந்தது. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அவர் அழுகிறாரா என்று கல்பனாவுக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்கிற தெம்பு அவளுக்கும் இல்லை.

சங்கவி சால்ட் லேக் ஆபீசிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு ஓடிவந்தாள். அம்மாவைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கால்கே… நேத்து உன் பக்கத்துல உக்காந்துதானே மா சாப்பிட்டேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் அவளைத் தேற்றவில்லை.

கடை ஒரு வாரம் மூடிக் கிடந்தது. பிறகு அருணாசலம் சாம்பாரும் தானே வைத்து, தோசை மட்டும் போட்டார். பௌதிக்கு என்ன என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டார்கள். சொன்னதும் ஆளாளுக்குத் திடுக்கிட்டு மேலே அண்ணாந்து பார்த்தார்கள். இத்தனை வருஷம் சாப்பிட்டும் அந்த முகம் எப்படி இருக்கும் என்று அவர்களில் பலருக்கு நினைவில் வரவில்லை. லைட் தூக்குகிறவர் மட்டும் கடல் தண்ணீர் என்று சொன்னதை நினைத்து, கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

கண்ணில் மருந்து விடுவது அருணாசலத்தின் வேலையானது. முதல் நாட்களில் அவர் குறி தவறிக் கன்னத்தில் விட்டார். பேசினால் அவளுக்கு வார்த்தை குழறியது. அவர் அடிக்கடி அவளை உற்றுப் பார்ப்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "இப்ப என்ன பார்வை" என்று ஒருநாள் சொன்னாள். அவர் தலை குனிந்துகொண்டு மருந்துக் குப்பியை மூடினார்.

மழை வெறித்து, பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நடத் தொடங்கிய நாட்களில் கண் மூடியது. பிறகு நெற்றியில் சுருக்கம் வந்தது. கன்னம் மெல்ல ஏறியது. உதட்டின் இடது ஓரம் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. மீரா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "நடுவுல வைக்காதீங்க. வலது பக்கமாத் தள்ளி வச்சு ஊதுங்க. அப்படி வாசிக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க. வாய் எல்லாருக்கும் ஒரே மாதிரியா இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகாளய அமாவாசைக்கு முன்தினம் காலையில், கடை திறந்து முதல் ஈடு இட்லி ஏறியிருந்த நேரம், மாடிப்படியிலிருந்து கல்பனா கூப்பிட்டாள்.

"என்னங்க. சங்கவி. ரெண்டு பேரும் இங்க வாங்க."

அவள் அப்படிக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. அருணாசலம் கையில் மாவோடு ஓடினார். சங்கவி பல்தேய்க்கிற பிரஷ்ஷோடு மேலேயிருந்து இறங்கி வந்தாள். இரண்டு பேர் முகத்திலும் ரத்தமே இல்லை.

"என்ன ஆச்சு? எங்க வலிக்கு?" என்றார் அருணாசலம்.

"ஒண்ணும் ஆகல. சத்தம் வந்துட்டு. உக்காருங்க."

மூச்சு வாங்க இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். கல்பனா குழலை வலது பக்கமாக ஒதுக்கி வைத்து ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது. குழலை எடுத்து, உதட்டை நக்கிக்கொண்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் காற்று. கீழே தெருவில் யாரோ "தாதா, இட்லி?" என்று குரல் கொடுத்தார்கள். அருணாசலம் பாதி எழுந்தார்.

"அடுப்பு எரியுதுளா."

"அணைச்சுட்டு வாங்க."

அவர் கீழே போனார். பர்னரின் இரைச்சல் நின்றது. திரும்பி வந்து, அவளுக்கு நேர் எதிரே ஒரு படி கீழே உட்கார்ந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ம், ஊது" என்றார்.